நாகேஸ்வரி வீட்டுச் சடைக்குட்டி

“சந்தையடியில கொண்டுபோய் விட்டிட்டு வா. ஆரும் எடுப்பினம்” என்று கனகலிங்கம் தன் மகனிடம் சொன்னது, குசினிக்குள் தேங்காய் திருவிக்கொண்டிருந்த நாகேஸ்வரியின் காதில் விழுந்தது.

அவள் கனகலிங்கத்தின் தங்கை. அன்றைக்கு அண்ணன் வீட்டில் ஆட்டிறைச்சிச் சமையல். ஆள் போதாதென்று கூப்பிட்டிருந்தார்கள். கூப்பிட்டால் போவதும், போனால் குசினியைவிட்டு வெளியே வராததும் அவளுடைய பல வருஷப் பழக்கம். அன்றைக்கு மட்டும் திருவலையைவிட்டு எழும்பி, விரல்களில் ஒட்டிய தேங்காய்ப்பூவோடேயே விறாந்தைக்கு வந்தாள்.

சப்பாத்துப் பெட்டியொன்றுக்குள் ஒரு நாய்க்குட்டி சுருண்டு கிடந்தது. பொமரேனியன் சாதி, ஊரில் சொல்வதென்றால் சடைநாய். வறுத்த கச்சான் கோதின், அதாவது நிலக்கடலைத் தோட்டின், நிறம். உள்ளங்கையில் வைத்தால் கால்கள் மட்டுந்தான் வெளியே தொங்கும். கனகலிங்கத்தின் மகள் யதுர்ஷிகாவின் பிறந்தநாளுக்கென்று வவுனியாவில் வாங்கி வந்தது. வந்த அன்று வீடே கூடிநின்று படம் பிடித்தது. ‘ஏஞ்சல்’ என்று பெயர் வைத்தார்கள். பிறகு ஒருவர் பசுப்பால் வைத்தார், ஒருவர் கிறீம் பிஸ்கற் கொடுத்தார், இன்னொருவர் கோழி எலும்பு போட்டார். குட்டிக்கு வயிற்றால் போனது. மாபிள் நிலம் நாறியது. அதோடு அதைப் பின்பக்கத் தகரக் கொட்டிலில் கட்டினார்கள். அங்கே அது சாப்பிடுவதையே நிறுத்திவிட்டது.

“எங்கை கொண்டுபோறாய்?” என்று நாகேஸ்வரி கேட்டாள்.

“பரந்தன் சந்தைக்கு, மாமி. அப்பா சொல்லுறார்” என்றான் நிருஷன். கையில் மோட்டார்சைக்கிள் திறப்பு.

“சந்தையில உது ஒரு பொழுது தாங்காது.”

“இஞ்சை மட்டும் தாங்குதோ?” என்றாள் கனகலிங்கத்தின் மனைவி பத்மாசனி. “ஒண்டும் தின்னுதில்லை. பெட்டை வேறை. நாளைக்குக் குட்டி போட்டுத் தொலைக்கும்.”

பத்மாசனியின் பின்னால் யதுர்ஷிகா கண் சிவந்து நின்றாள். யாரும் அவளைக் கேட்கவில்லை.

“தா இஞ்சை” என்று நாகேஸ்வரி பெட்டிக்குக் கையை நீட்டினாள்.

கனகலிங்கம் கதிரையில் சாய்ந்தபடி சிரித்தார். “நீயே அடுப்படியில நிண்டபடி ரெண்டு வாய் போட்டுக்கொண்டு திரியிறாய். நீ உதுக்குச் சோறு தீத்தப் போறியோ?”

“ஓம். தீத்தத்தான் போறன்.”

அந்த வீட்டில் அவள் ஆயிரம் தடவை ‘ஓம்’ சொல்லியிருக்கிறாள். இப்படியொரு ‘ஓம்’ அங்கே யாரும் கேட்டதில்லை. பாதி திருவிய தேங்காயை அப்படியே விட்டுவிட்டு, பெட்டியைச் சைக்கிள் கூடைக்குள் வைத்து, அது ஆடாமல் தன் சால்வையால் சுற்றிக் கட்டி, படலையைத் தாண்டிப் போய்விட்டாள். இறைச்சிக்குத் தேங்காய்ப்பால் பிழிய ஆளில்லாமல் பத்மாசனி அன்று முழுக்கப் புறுபுறுத்தாளாம்.

நாகேஸ்வரிக்கு வயது நாற்பத்தெட்டு. தகப்பன் யாழ்ப்பாணத்தில் இருந்து வந்து, இரணைமடுத் தண்ணீர் பாயும் காணியொன்றை வெட்டித் துப்புரவாக்கி நெல் விதைத்தவர். கலியாணம் பேசி நாள் வைத்த வருஷத்தில் மறுபடி யுத்தம் வந்தது. பேசிய மாப்பிள்ளை எந்தப் பக்கம் போனார் என்று இன்றுவரை தகவல் இல்லை. இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து கடைசியில் செட்டிகுளம் அகதி முகாமுக்குப் போய்ச் சேர்ந்தபோது அவளுடைய ஒரு கையில் தாய், மறு கையில் அண்ணன் மகன் நிருஷன். திரும்பி வந்தபிறகு தாய் பாயில் விழுந்தார். தாயைத் தூக்கி, குளிப்பாட்டி, தீத்தி, கடைசிவரை பார்த்தவள் அவள்தான். தாயின் பெயரில் இருந்த காணியும் அதில் எழும்பிய வீட்டுத்திட்ட வீடும் அவளுக்கு வந்தன. இரண்டு அறை, ஒரு விறாந்தை, ஒரு குசினி. விடியப்புறம் இடியப்பம் அவித்து பரந்தன் வீதித் தேத்தண்ணிக் கடைக்குக் கொடுப்பது அவள் பிழைப்பு.

வீடு அவளுடையதுதான். ஆனால் அவர்களுடைய ஊரான கண்டாவளையில் யாரைக் கேட்டாலும் அதை ‘கனகலிங்கத்தின்ரை தங்கச்சி இருக்கிற வீடு’ என்றுதான் சொல்வார்கள்.

குட்டி அந்த வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகக் கட்டிலுக்கடியில் நுழைந்து, சுவரோடு ஒட்டிக்கொண்டு நடுங்கியது. நாகேஸ்வரி சோற்றைக் குழைத்து வைத்தாள். தொடவில்லை. மீன் அவித்து முள்ளெடுத்து வைத்தாள். மணந்து பார்த்துவிட்டு மறுபடி சுவரோடு போய் ஒட்டிக்கொண்டது. அவள் குனிந்து, கெஞ்சி, விரலில் எடுத்து வாய்க்கு நேரே நீட்டினாள். குட்டி முகத்தைத் திருப்பிக்கொண்டது.

பக்கத்துவீட்டுக் கமலேஸ்வரி வேலிக்கு மேலால் எட்டிப்பார்த்தாள். “உது கொழும்புக்காரர் வளக்கிற சாதி. எங்கடை வெயிலுக்கு நிக்காது. பேசாமல் விடு.”

“நானும் ஒருக்கால் நிக்கமாட்டன் எண்டுதான் எல்லாரும் சொன்னவை” என்றாள் நாகேஸ்வரி.

வாய்தான் அப்படிச் சொன்னது. மனதுக்குள் பயம். அடுத்த நாள் இடியப்பத்தைக் கடையில் கொடுத்த கையோடு குட்டியைக் கூடைக்குள் வைத்துக்கொண்டு கிளிநொச்சிக்கு பஸ் ஏறினாள். பக்கத்தில் இருந்தவர் மூக்கைப் பொத்தினார். “ஐயாவுக்கு மணந்தால் அங்காலை சீற் கிடக்கு” என்று சொல்லிவிட்டு யன்னலைத் திறந்து வைத்தாள்.

மிருக வைத்தியர் இளம் பெண். ஜெயரூபி என்று மேசையில் பெயர் இருந்தது. குட்டியின் ஈறைப் பார்த்தார், வயிற்றை அமுக்கிப் பார்த்தார், பூச்சி மருந்து கொடுத்தார்.

“இவ்வளவு நாளும் என்ன குடுத்தனீங்கள் அம்மா?”

“எல்லாம் குடுத்துப் பாத்தாச்சு, டொக்டர். பால், பிஸ்கற், சோறு, மீன்...”

“அதுதான் பிழைச்சுப் போச்சு” என்றார் டொக்டர். “சின்னச் சாதிக் குட்டியளுக்கு வயிறு ஒரு சிரட்டைக்குள்ள அடங்கும். இண்டைக்கு ஒண்டு, நாளைக்கு ஒண்டு எண்டு மாத்தினால் அதுக்குச் செமிக்காது. வாங்கின இடத்தில என்ன திண்டதோ, முதல் அதையே குடுங்கோ. பேந்து கொஞ்சம் கொஞ்சமா உங்கடை வீட்டுச் சாப்பாட்டைக் கலக்கலாம். பசுப்பால் வேண்டாம், எலும்பு வேண்டாம், வெங்காயம் போட்ட கறி வேண்டவே வேண்டாம்.”

“கொஞ்சமாவது தின்ன வேணுமே, டொக்டர். பின்னால திரிஞ்சு திரிஞ்சு தீத்தியும் பாத்திட்டன்.”

“திரியாதேங்கோ. வைக்கிறதை வைச்சிட்டு உங்கடை பாட்டில இருங்கோ. கொஞ்ச நேரம் பாத்து, தின்னாட்டி எடுத்திடுங்கோ. அடுத்த நேரத்துக்குப் புதுசா வையுங்கோ. ஆனால் ஒரு நாளைக்கு நாலைஞ்சு தரம் வைக்க வேணும். உதுகளுக்கு உடம்பில சேமிப்பு இல்லை. வெறும் வயித்தோட கனநேரம் கிடந்தால் ரத்தத்தில சீனி இறங்கி விழுந்திடும். நடுங்கித் துவண்டால் சீனித்தண்ணியை விரலில தொட்டு ஈறில பூசிப்போட்டு ஓடி வாங்கோ. விளங்குதோ?”

“விளங்குது.”

வெளியே வந்து மரநிழலில் நின்று யதுர்ஷிகாவுக்கு ரெலிபோன் எடுத்தாள். குட்டியை விற்ற வவுனியாக்காரரின் நம்பர் அந்தப் பிள்ளையிடம் இருந்தது. தாய்க்குக் கேட்காமல் கிசுகிசுத்துச் சொன்னாள். “மாமி, ஏஞ்சல் உயிரோடை இருக்கோ?”

“இருக்கிறாள். ஏஞ்சல் எண்டு கூப்பிட்டால் திரும்பியும் பாக்கிறாளில்லை. நான் வேறை பேர் வைக்கப்போறன்.”

வவுனியாக்காரர் விபரம் சொன்னார். தாயிடம் பால் மறக்க முதலே குட்டியைக் கொடுத்துவிட்டதாக அவரே ஒத்துக்கொண்டார், வாங்க வந்தவர்கள் அவசரப்பட்டார்களாம். குட்டிநாய்க்கென்று பையில் வரும் உலர்ந்த தீனை இளஞ்சூட்டுத் தண்ணீரில் ஊறவைத்துக் குழைத்துத்தான் அவர் கொடுத்து வந்திருக்கிறார். நாகேஸ்வரி அதே தீனைக் கிளிநொச்சியில் தேடி வாங்கினாள்.

வீட்டுக்கு வந்ததும் ஒரு ஒழுங்கு செய்தாள். காற்று வரும் அறையின் மூலையில் பழைய பழப்பெட்டி ஒன்றைச் சரித்து, தன் பழைய பருத்திச் சேலையை மடித்து விரித்தாள். பெட்டிக்குப் பக்கத்தில் சின்னத் தட்டு, அதற்கு அங்கால் தண்ணீர்ச் சிரட்டை. இடத்தை மாற்றுவதில்லை, தட்டை மாற்றுவதில்லை. பார்க்க வருகிறவர்கள் தூக்கக் கூடாது. கமலேஸ்வரியின் பேரப்பிள்ளைகள் வாசலில் நின்று எட்டிப்பார்த்துவிட்டுப் போனார்கள். இடம் மாறி மாறி இழுபட்ட உயிருக்கு முதலில் போவது பசிதான் என்பது நாகேஸ்வரிக்கு யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை. முகாமில் அவள் சாப்பாட்டுத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு வெறித்துப் பார்த்தபடி இருந்த நாட்கள் உண்டு. அப்போது சுற்றிநின்று ‘சாப்பிடு, சாப்பிடு’ என்றவர்களை அவளுக்கு அடிக்க வேண்டும்போல் இருந்தது.

அதனால் இவள் ‘சாப்பிடு’ என்று சொல்வதை நிறுத்தினாள். ஊறிய தீனைத் தட்டில் வைத்தாள். தனக்கும் ஒரு தட்டில் சோறு போட்டாள். நிலத்தில் சப்பாணி கட்டி, குட்டிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருந்து சாப்பிடத் தொடங்கினாள். எத்தனை வருஷமாயிற்று அப்படி இருந்து சாப்பிட்டு! கறிச்சட்டியின் அடியைச் சுரண்டி, நின்றபடி, அடுத்த வேலையைப் பார்த்தபடி விழுங்கியே பழகிய வாய்க்கு அன்றைய கத்தரிக்காய்க் கறி ஒரு புதினமாக இருந்தது. பாதிச் சோற்றில் பின்னால் ஒரு சத்தம் கேட்டது. சளப், சளப். அவள் திரும்பவில்லை. திரும்பினால் அது ஓடிவிடும். கடைசிப் பருக்கைவரை தன் தட்டைப் பார்த்தே சாப்பிட்டு முடித்துவிட்டு மெல்லத் திரும்பினாள். குட்டியின் தட்டில் பாதி இல்லை. மூக்கு நுனியில் தீன் ஒட்டியிருந்தது.

“அடி கச்சான்!” என்றாள்.

பெயர் அப்படித்தான் வந்தது.

அன்றிலிருந்து குட்டி சாப்பிடும் நேரமெல்லாம் நாகேஸ்வரியும் பக்கத்தில் இருந்து ஏதாவது சாப்பிட்டாள். இரவில் கட்டிலில் இருந்து கையைத் தொங்கவிட்டு, பெட்டிக்குள் விரலை வைத்துக்கொண்டு படுத்தாள்; விரல் இருந்தால் அது அழவில்லை. சில நாளில் தீனோடு நன்றாகக் குழைந்த சோறு கொஞ்சம், எலும்பெடுத்த அவித்த கோழி கொஞ்சம் என்று கலக்கத் தொடங்கினாள். ஒருநாள் கொஞ்சம் கூடிப்போய் வயிறு இளகியது. மறுபடி பழைய அளவுக்கே போனாள். அவசரப்படவில்லை. குட்டியின் வயிறு சின்னப் பந்துபோல் ஆயிற்று. கட்டிலுக்கடி மறந்துபோயிற்று. ஓணானைக் கண்டால் விறாந்தையில் நின்று குரைத்தது. அந்தக் குரைப்பு தும்மல் மாதிரி இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் அண்ணன் கூப்பிட்டார். நிருஷனுக்குப் பேசிய பெண்ணின் வீட்டார் பார்க்க வருகிறார்களாம். இடியப்பமும் சொதியும் நாகேஸ்வரி கையால் வேண்டுமாம்.

“கச்சானுக்கு நேரத்துக்கு வைக்க வேணும், அண்ணை.”

“நாய்க்காக நீ மருமகன்ரை நல்ல காரியத்துக்கு வரமாட்டியோ?”

போனாள். காலைத் தீனைக் கச்சான் பாதியில் விட்டிருந்தது. மிச்சத்தைத் தட்டிலேயே விட்டு, பத்து மணிக்கெல்லாம் வந்துவிடலாம் என்று நினைத்துக் கதவைச் சாத்திவிட்டுப் போனாள். அங்கே ஒரு ஈடு முடிய இன்னொரு ஈடு, அது முடியத் தேத்தண்ணீர், அது முடியப் பாத்திரம். வெளிக்கிட வெளிக்கிடப் பத்மாசனி ஒரு வேலையை நீட்டினாள். கடைசியில் தட்டத்தைக் கொண்டு விறாந்தைக்குப் போனபோது கனகலிங்கம் பெண் வீட்டாருக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்:

“வீட்டைப் பற்றி யோசிக்காதேங்கோ. இவள் தங்கச்சியின்ரை வீடு பொடியனுக்குத்தான். இவள் எங்களோட வந்து இருப்பாள். தனிச்சீவன்தானே.”

எல்லோரும் அவளை அன்பாகப் பார்த்தார்கள். பெண்ணின் தாய் தலையசைத்தார். யாருடைய கண்ணிலும் ஒரு கேள்வி இல்லை. நாகேஸ்வரி தட்டத்தை மேசையில் வைத்தாள். குசினிக்குத் திரும்பாமல் நேராகச் சைக்கிளை எடுத்துக்கொண்டு வெளிக்கிட்டாள்.

வீட்டுக் கதவைத் திறந்தபோது தும்மல் குரைப்பு கேட்கவில்லை. தட்டில் தீன் காய்ந்து எறும்பு மொய்த்துக் கிடந்தது. கச்சான் பெட்டிக்கு வெளியே ஒரு பக்கமாகச் சரிந்து கிடந்தது. கண் திறந்திருந்தது, பார்வை இல்லை. தூக்கினால் தலை துணிபோலத் தொங்கியது.

“எடியே! எடி கச்சான்!”

குசினிக்கு ஓடினாள். சீனியை அள்ளிக் கோப்பையில் போட்டுத் தண்ணீர் விட்டுக் குழைத்து, விரலால் தொட்டு ஈறில் தேய்த்தாள். மறுபடி தேய்த்தாள். வாய்க்குள் ஊற்றவில்லை, விழுங்கும் நிலையில் அது இல்லை என்பது தெரிந்தது. சேலையால் சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தெருவுக்கு ஓடி, போன ஓட்டோவைக் குறுக்கே நின்று மறித்தாள். வழி நெடுக ஈறில் விரல். பரந்தன் சந்தி தாண்டும்போது குட்டியின் நாக்கு, மிக மெல்ல, அவள் விரலை நக்கியது. நாகேஸ்வரி ஓட்டோவுக்குள் சத்தம் போட்டு அழுதாள். ஓட்டோக்காரர் இன்னும் முறுக்கினார்.

டொக்டர் குளுக்கோஸ் ஏற்றினார். பின்னேரம் குட்டி தலையைத் தூக்கி, இருந்து, தும்மல் போலக் குரைத்தது.

“தப்பிட்டாள்” என்றார் டொக்டர். “சீனி பூசினபடியால்தான். ஆனால் இனி இப்பிடிக் கனநேரம் விடாதேங்கோ. வேலையெண்டால் ஆரையும் வந்து வைக்கச் சொல்லுங்கோ.”

“இனி நான் அப்பிடிப் போகமாட்டன், டொக்டர்” என்றாள் நாகேஸ்வரி. அந்தப் பதில் டொக்டருக்கு மட்டும் சொன்னதல்ல.

அடுத்த நாள் காலை கனகலிங்கம் மோட்டார்சைக்கிளில் வந்தார். முந்தின நாள் அவள் சொல்லாமல் போனது பற்றிக் கோபம் ஒன்றும் காட்டவில்லை. நல்ல சந்தோஷத்தில் இருந்தார்.

“பெண் வீட்டுக்காரர் ஓமெண்டிட்டினம். வைகாசிக்கு நாள் வைக்கலாம். நீ அதுக்கு முன்னம் சாமானுகளை எடுத்துக்கொண்டு வந்தியெண்டால் வீட்டுக்கு வெள்ளையடிக்கலாம்.”

“நான் வரேல்லை, அண்ணை.”

“சரி, வைகாசிக்குப் பிறகு வா.”

“வைகாசிக்குப் பிறகும் வரேல்லை. இது என்ரை வீடு. நான் ஆருக்கும் குடுக்கிறதெண்டு சொல்லேல்லை.”

கனகலிங்கம் அவளை ஏதோ புது ஆளைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். “உன்னட்டைக் கேட்டுத்தான் எல்லாம் செய்யோணுமோ?”

“ஓம். என்ரை வீட்டைப் பற்றியெண்டால் என்னட்டைக் கேட்டுத்தான் செய்யோணும்.”

“நிருஷனை நீதானே தூக்கி வளத்தனி. அவனுக்கு இல்லாமல் இந்த வீடு ஆருக்கு? உனக்கு ஆர் இருக்கினம்?”

அந்தக் கேள்வி இருபது வருஷமாக அவள் காதில் விழுந்து வருவது. அன்றைக்குக் கோபம் வந்தது.

“நிருஷனைத் தூக்கிக்கொண்டு ஓடினது அவன்ரை உயிருக்காக. வீடு தாறதெண்டு அச்சாரமாத் தூக்கேல்லை. எனக்கு ஆர் இருக்கினமோ இல்லையோ, நான் இருக்கிறன். நேற்று நீங்கள் கூப்பிட்டு நான் வந்ததால இந்தச் சீவன் சாகப் பாத்தது. இனிச் சமையலுக்கு ஆள் பிடியுங்கோ.”

“ஒரு நாய்க்காக...”

“நாய்க்காகத்தான் எண்டு வைச்சுக்கொள்ளுங்கோ.”

அவர் போன பிறகு நாகேஸ்வரி படலையைச் சாத்தினாள். விறாந்தைப் படியில் வந்து இருந்தாள். கச்சான் மடியில் ஏறிச் சுருண்டது. கொஞ்ச நேரத்தில் அவள் எழும்பித் தீன் ஊறவைத்தாள், நேரம் பிந்தியிருந்தது.

அண்ணன் வீட்டார் சும்மா இருக்கவில்லை. ஒரு கிழமைக்குள் ஊருக்குள் ஒரு கதை ஓடியது: நாகேஸ்வரி நாயோடு படுத்தெழும்பி அதே கையால் இடியப்பம் பிழிகிறாளாம். கதை எங்கிருந்து வெளிக்கிட்டது என்று அவள் தேடவில்லை, தெரிந்ததுதான். அது பரந்தன் வீதிக்கும் போய்ச் சேர்ந்தது. தேத்தண்ணிக் கடைச் சிவலட்சுமி, வாய் காரமான பொம்பிளை, இடியப்பப் பெட்டியைக் கையில் வாங்காமலே கேட்டாள்:

“நாகேசக்கா, நாய் மயிர் கிடக்குதாம் எண்டு சனம் சொல்லுது. நான் என்ன செய்ய? அந்த நாயை ஆருக்கும் குடுத்திட்டியள் எண்டால் பிரச்சினை இல்லை.”

சிவலட்சுமி எடுக்காவிட்டால் வேறு கடை பிடிப்பது லேசில்லை. அது நாகேஸ்வரிக்கும் தெரியும், சிவலட்சுமிக்கும் தெரியும்.

“நாயைக் குடுக்கமாட்டன். இடியப்பம் வேண்டாமெண்டால் வேறை ஆளிட்டை எடுங்கோ. ஆனால் அதுக்கு முன்னம் ஒருக்கால் என்ரை குசினியை வந்து பாருங்கோ. எப்ப வாறனெண்டு சொல்லாமல் வாங்கோ. சொல்லிப்போட்டு வந்தால் கூட்டித் துடைச்சு வைச்சிட்டன் எண்டு நினைப்பியள்.”

சிவலட்சுமி சொன்னபடி சொல்லாமல் வந்தாள், விடிந்தும் விடியாத நேரத்தில், மகனோடு மோட்டார்சைக்கிளில். குசினி வாசலில் இடுப்பளவு உயரத்துக்கு வலையடித்த அரைக்கதவு நின்றது. குட்டி வந்த முதற்கிழமையே நாகேஸ்வரி மரக்காலையில் துண்டுப்பலகை வாங்கித் தானே அடித்தது. கதவுக்கு இந்தப் பக்கம் கச்சான் இருந்து பார்த்துக்கொண்டிருந்தது. அந்தப் பக்கம் நாகேஸ்வரி தலையைத் துணியால் கட்டி, வேறு சட்டை மாற்றி, கையை முழங்கைவரை கழுவிப் பிழிந்துகொண்டிருந்தாள். சிவலட்சுமி தட்டுகளைத் தூக்கிப் பார்த்தாள். மாச்சட்டியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். அலுமாரிக்குப் பின்னால் விரலை விட்டுத் தடவினாள்.

“என்ரை கடை அடுப்படி இதைவிட மோசம்” என்றாள் கடைசியில், தனக்குத்தானே சொல்வதுபோல. பிறகு கச்சானைப் பார்த்தாள். “உது என்ன, உந்தக் கதவைத் தாண்டவே தாண்டாதோ?”

“வந்த நாளிலை இருந்து அப்பிடிப் பழக்கினது.”

“என்ரை பொடியன் தாண்டுவான்” என்று சிவலட்சுமி மகனைக் காட்டிச் சிரித்தாள். பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு போனாள். அன்று கடைக்கு வந்து நாய்மயிர்க் கதை சொன்ன ஒருவருக்கு அவள் கொடுத்த பேச்சை, கமலேஸ்வரி வேலிக்கு மேலால் வரிக்கு வரி ஒப்புவித்தாள்.

யதுர்ஷிகா பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் மாமி வீட்டில் இறங்கத் தொடங்கினாள். கச்சானுக்கு இப்போது சடை வந்திருந்தது. வெயிலில் நின்றால் செம்பொன் மினுக்கு. பிள்ளை எடுத்துப் போட்ட படத்தைக் கண்டுவிட்டுப் பத்மாசனியே ஒருநாள் வந்தாள்.

“பிள்ளை ஏங்கிப்போனாள், நாகேஸ். குட்டியும் வடிவா வந்திட்டுது. கலியாண வீட்டில நிண்டால் அழகா இருக்கும். நாங்கள் கொண்டுபோறம், என்ன? எங்கடை குட்டிதானே.”

“சந்தையில விடப் பாத்தது உங்கடை குட்டி, மச்சாள். இது என்ரை குட்டி.”

“பிள்ளைக்காகக் கேக்கிறன்.”

“பிள்ளை வரட்டும். எப்பவும் வரட்டும். தீன் ஊறவைக்கப் பழகியிருக்கிறாள், தானே வைக்கட்டும். ஆனால் கச்சான் இஞ்சைதான்.”

பத்மாசனி மகளைப் பார்த்தாள். யதுர்ஷிகா நிலத்தைப் பார்த்துக்கொண்டு, ஆனால் தெளிவாகச் சொன்னாள்: “அங்கை வந்தால் பேந்தும் சாப்பிடாது, அம்மா. இஞ்சையே நிக்கட்டும்.”

கலியாணம் ஆவணிக்குத் தள்ளிப்போனது. கனகலிங்கம் தன் பின்வளவில் இரண்டு அறை கட்டத் தொடங்கினார். கட்டலாம் என்பது முன்னமே அவருக்குத் தெரியும். இருக்கிற வீட்டை எடுப்பது சுகம் என்றுதான் பார்த்திருந்தார். நிருஷன் ஒருநாள் தனியாக வந்து, “மாமி, எனக்கு உங்கடை வீடு வேணுமெண்டு நான் கேக்கேல்லை” என்றான். “அப்ப நீ கேக்காமல் இருந்தது போதாது, வேண்டாமெண்டு சொல்லியிருக்கோணும்” என்றாள் அவள். அவன் தலையைக் குனிந்தான். தேத்தண்ணீர் கொடுத்துத்தான் அனுப்பினாள்.

ஆடி மாதக் காற்றில் வளவெல்லாம் தூசு பறந்துகொண்டிருந்த ஒரு மத்தியானம் படலைக்கு வெளியே மோட்டார்சைக்கிள் நின்றது. கச்சான் பாய்ந்தோடிப் போய்ப் படலையடியில் நின்று குரைத்தது. இப்போது அது தும்மல் இல்லை, வீட்டுக்காரியின் குரைப்பு. கனகலிங்கம் வேட்டி சால்வையோடு, ஒரு கையில் கலியாணக் கார்ட்டும் மறு கையில் வெற்றிலைத் தட்டுமாக வெளியே நின்றார். மாதக்கணக்கில் இந்தப் பக்கம் வராதவர்.

“நாயைப் பிடி” என்றார்.

“அது கடிக்காது” என்றாள் நாகேஸ்வரி விறாந்தையில் நின்று. “வாறதெண்டால் வாங்கோ.”

அவர் தயங்கினார். முழங்காலுக்கும் எட்டாத ஒரு சீவன் அவருடைய செருப்பைப் பார்த்து உறுமிக்கொண்டிருந்தது. பிறகு வேட்டியைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்து, படலையைத் தள்ளிக்கொண்டு மெதுவாக உள்ளே வந்தார். கச்சான் பக்கத்திலேயே நடந்து, அவரைக் கதிரைவரை கொண்டுவந்து விட்டது.

“சொல்ல வந்தனான்...” என்று அவர் தட்டை நீட்டப் போனார்.

“இருங்கோ, அண்ணை. இவளின்ரை சாப்பாட்டு நேரம். வைச்சிட்டு வாறன்.”

அவள் உள்ளே போனாள். ஊறிய தீனை விரலால் நசித்துப் பார்த்து, அவித்த கோழியைப் பிய்த்துப் போட்டு, தட்டை வழக்கமான இடத்தில் வைத்து, பக்கத்தில் நிலத்தில் அமர்ந்தாள். கச்சான் ஆறுதலாகச் சாப்பிட்டது. நாகேஸ்வரியும் அவசரப்படவில்லை. விறாந்தையில் கனகலிங்கம் வெற்றிலைத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்.